ஒரே மைக்ரோஆர்என்ஏ, நான்கு பட்டியல்

முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் நான் வரைந்த ஒரு வென் படம் இன்னும் என் லேப்டாப்பில் கிடக்கிறது. நான்கு நிறத்தில் நான்கு வட்டம். எல்லாம் சேரும் நடுப்பகுதியில் ‘2’ என்று ஓர் எண். ஒரு மைக்ரோஆர்என்ஏ (மரபணுக்களை அடக்கும் குட்டி ஆர்என்ஏ) எந்தெந்த மரபணுக்களை அடக்கும் என்று கணிக்கும் நான்கு டூல்களும் சேர்ந்து ஆயிரக்கணக்கான மரபணுக்களைச் சொல்லியிருந்தன. நான்கும் ஒத்துப்போனது இரண்டே இரண்டில். அந்த இரண்டும் எங்கள் செல்லில் வெளிப்படவே இல்லை என்பதை மறுநாள்தான் பார்த்தேன்.

வழிகாட்டி சொன்னது சுருக்கம்: “மூணு நாலு டூல்ல போடு, பொதுவா வர்றதை எடு, அதுல நல்லதா ஒண்ணு ரெண்டை வேலிடேட் பண்ணலாம்.” அப்போது நான் படித்த பெரும்பாலான கட்டுரைகளிலும் இப்படித்தான் இருந்தது. மூன்று டூல், ஒரு வென் படம், ஒரு லூசிஃபெரேஸ் பரிசோதனை (ஒளிரும் புரதத்தை வைத்து அடக்கத்தை அளப்பது). படிக்கும்போது நேர்கோடாகத் தெரிந்தது, கையில் எடுத்ததும் முடிச்சு முடிச்சாக இருந்தது. அந்த முடிச்சுகளை அவிழ்க்க எட்டு மாதம் ஆனது. அதில் பாதிக்கு மேல் டூல்களின் குற்றமே இல்லை, என் குற்றம். அதனால் என் தவறுகளிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது மிர்-199ஏ. எங்கள் சிறு ஆர்என்ஏ சீக்வென்சிங் தரவில் அது பளிச்சென்று மாறியிருந்தது. ஆய்வேட்டில் ‘மிர்-199ஏ’ என்று மட்டும் எழுதி வைத்திருந்தேன். ஒரு டூலில் அந்தப் பெயரைத் தட்டியதும் அது ஒரு முடிவைத் தந்தது. இன்னொன்றில் கீழிறங்கும் பட்டியலில் இரண்டு பெயர் வந்தது, முதலாவதைத் தேர்ந்தெடுத்தேன். மூன்றாவதற்குப் பழைய கட்டுரை ஒன்றின் துணைக்கோப்பிலிருந்த பெயரைப் பார்த்து ஒட்டினேன். பிறகு நாலையும் ஒப்பிட்டேன்.

ஆய்வகத்தில் எனக்கு மூத்த அக்கா ஒருவர் வென் படத்தைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: “இது 5பி-யா, 3பி-யா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு மைக்ரோஆர்என்ஏ முன்னோடி கொண்டை ஊசிபோல் மடிந்திருக்கும். அதன் இரு கைகளிலிருந்தும் சுமார் 22 எழுத்து நீளத்தில் ஒவ்வொரு துண்டு வெட்டப்பட்டு வரலாம். இடக்கைத் துண்டு 5பி, வலக்கைத் துண்டு 3பி. ஒரே கொண்டை ஊசியிலிருந்து வந்தாலும் இரண்டின் எழுத்து வரிசையும் வேறு, அதனால் அவை தேடும் டார்கெட்களும் (அடக்கப்படும் மரபணுக்களும்) வேறு. முன்பெல்லாம் குறைவாகக் கிடைக்கும் துண்டின் பெயரோடு ஒரு நட்சத்திரக் குறி போடுவார்கள். அப்படி ‘மிர்-199ஏ நட்சத்திரம்’ என்று பழைய கட்டுரைகளில் இருப்பதுதான் இன்றைய மிர்-199ஏ-3பி. பல திசுக்களில் அந்த 3பி துண்டுதான் அதிகம் கிடைக்கிறது என்பது பிறகு தெரிந்தது. மைக்ரோஆர்என்ஏக்களின் பெயர்ப் பதிவேடான மிர்பேஸ் நட்சத்திர முறையைக் கைவிட்டு 5பி, 3பி என்று மாறியது. ஆனால் பழைய கட்டுரைகளும் அவற்றிலிருந்து எடுத்த பட்டியல்களும் மாறுமா என்ன?

உட்கார்ந்து எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். 5பி துண்டின் இரண்டாவது இடத்திலிருந்து எட்டாவது இடம் வரை: சி-சி-ஏ-ஜி-யு-ஜி-யு. 3பி-க்கு அதே இடங்களில்: சி-ஏ-ஜி-யு-ஏ-ஜி-யு. சீட் பகுதி என்று சொல்வது இந்த ஏழு எழுத்துகளைத்தான், டார்கெட் மரபணுவின் எம்ஆர்என்ஏவை (புரதம் செய்யச் செல்லும் அதன் படியை) பிடிப்பதில் முக்கியப் பங்கு இதற்கே. முதலாவது தேடுவது ஏ-சி-ஏ-சி-யு-ஜி-ஜி என்ற சொல்லை, இரண்டாவது தேடுவது ஏ-சி-யு-ஏ-சி-யு-ஜி என்ற சொல்லை. இரண்டு வேறு சொற்களைத் தேடிவிட்டுப் பட்டியல் ஒத்துப்போகவில்லை என்று நான் புலம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். எங்கள் தரவில் ஏறியிருந்தது 3பி. நான்கு டூலில் இரண்டில் 5பி-யைத் தேடியிருந்தேன்.

அன்றிலிருந்து பெயரை நம்புவதில்லை. எந்த டூலாக இருந்தாலும் அது எந்த எழுத்து வரிசையை எடுத்துக்கொண்டது என்று பார்த்து, என் சீக்வென்சிங் தரவில் மிக அதிகமாக வந்த வரிசையோடு ஒப்பிட்ட பிறகுதான் மேற்கொண்டு வேலை. தொடக்கம் ஓர் எழுத்து தள்ளிப்போனால்கூட சீட் மாறிவிடும்.

இதே மைக்ரோஆர்என்ஏவில் இன்னொரு குழியும் இருந்தது. மிர்-199ஏ-3பி-யும் மிர்-199பி-3பி-யும் வேறு வேறு இடத்து மரபணுக்களிலிருந்து வருபவை, ஆனால் முதிர்ந்த வரிசை ஓரெழுத்தும் பிசகாமல் ஒன்றே. ஒரு பட்டியலில் இரண்டும் தனித்தனி வரிசையாக இருந்தன. ‘இந்த மரபணுவை இரண்டு மைக்ரோஆர்என்ஏக்கள் சேர்ந்து அடக்குகின்றன, எனவே வலுவான டார்கெட்’ என்று நான் ஒரு ஸ்லைடு வேறு போட்டிருந்தேன். அதை யாரும் கவனிக்கவில்லை. இப்போது நானே சொல்லிவிட்டேன்.

இரண்டாவது தவறு இன்னும் வெட்கக்கேடானது. நான்கு பட்டியலையும் எக்செல்லில் போட்டு, மதிப்பெண்ணைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றிலும் மேலே வந்த 200 மரபணுக்களை எடுத்தேன். நான்கு டூல்களில் ஒன்றான டார்கெட்ஸ்கேனின் கான்டெக்ஸ்ட் மதிப்பெண் எதிர்மறை எண். எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு வலுவான அடக்கம். அதைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால் மேலே வருவது இருப்பதிலேயே சோப்பளாங்கி டார்கெட்கள். மிர்டிபியில் நேர்மாறு: 50 முதல் 100 வரை, கூடக்கூட நல்லது, 80க்கு மேல் இருந்தால் நம்பலாம் என்பது அவர்களே தரும் வழிகாட்டல். டயானா மைக்ரோடி 0 முதல் 1 வரை. மிராண்டா இரண்டு எண் தரும்: பொருத்த மதிப்பெண் ஏறினால் நல்லது, பிணைப்பு ஆற்றல் இறங்கினால் நல்லது. ஒரே பொத்தானை நான்கு முறை அழுத்தி நான் செய்தது என்னவென்றால், மூன்று டூல்களின் முதல் மாணவர்களையும் ஒரு டூலின் கடைசி மாணவர்களையும் ஒரே வரிசையில் நிறுத்தியது.

எக்செல் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மார்ச்1, செப்ட்2 போன்ற மரபணுப் பெயர்களை அது தேதியாக மாற்றிவிடும். இந்தத் தொல்லை தாங்காமல் மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழு 2020இல் அவற்றின் பெயரையே மார்ச்எஃப், செப்டின் என்று மாற்றியது. ஆனால் பழைய பெயரோடு இருக்கும் டூலின் பட்டியலும் புதிய பெயரோடு இருக்கும் டூலின் பட்டியலும் ஒப்பிடும்போது ஒரே மரபணு இரண்டாகிவிடும். பெயரை விட்டுவிட்டு என்ட்ரெஸ் எண்ணையோ என்செம்பிள் அடையாள எண்ணையோ வைத்துச் சேர்ப்பதுதான் வழி.

இவற்றையெல்லாம் சரிசெய்து மறுபடி வட்டம் போட்டபோது நடுவில் நிறையப் பெயர்கள் வந்தன. சரி, பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை. இப்போதும் ஒவ்வொரு டூலும் சொன்னதில் பெரும்பகுதியை மற்ற மூன்றும் சொல்லவில்லை. இனி என் தவறு என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. உண்மையான கேள்வி இங்கேதான் தொடங்கியது.

ஒரு மாலை கால்குலேட்டரை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மனிதரில் புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் 20,000. ஒவ்வொன்றின் 3-பிரைம் யூடிஆரும் (எம்ஆர்என்ஏவில் புரதமாக மாறாத கடைசிப் பகுதி, டூல்கள் பெரும்பாலும் தேடும் இடம்) 1,000 எழுத்து என்று தோராயமாக வைத்தால் மொத்தம் 2 கோடி எழுத்து. நான்கு எழுத்துகளைக் கொண்டு அமைக்கக்கூடிய ஏழெழுத்துச் சொற்கள் 16,384. ஆக எந்த உயிரியல் காரணமும் இல்லாமல், குருட்டு அதிர்ஷ்டத்தில் மட்டுமே நம் ஏழெழுத்துச் சொல் சுமார் 1,220 இடங்களில் இருக்கும். ஆறெழுத்துப் பொருத்தம் போதும் என்றால் கிட்டத்தட்ட 4,900 இடங்கள். எட்டெழுத்து வேண்டும் என்றால் 300 சொச்சம். உண்மையான யூடிஆர்களில் ஏ-யும் யு-வும் அதிகம், எழுத்துகள் சமமாக விழுவதில்லை. இருந்தாலும் பிரச்சினையின் அளவு புரிந்துவிடும். சீட் பொருத்தம் மலிவானது. இந்தக் கூட்டத்திலிருந்து செல் உண்மையிலேயே பயன்படுத்தும் சிலவற்றை எப்படிப் பொறுக்குவது என்பதில்தான் டூல்கள் பிரிகின்றன. தாவர மைக்ரோஆர்என்ஏக்களில் பொருத்தம் கிட்டத்தட்ட முழு நீளத்துக்கும் இருப்பதால் அங்கே இந்தத் தலைவலி குறைவு. விலங்குகளில்தான் ஏழெழுத்தை வைத்துக்கொண்டு ஜோசியம்.

ஒவ்வொரு டூலும் எப்படிப் பொறுக்குகிறது என்று அதன் மூலக் கட்டுரையைப் படித்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. டார்கெட்ஸ்கேன் 2003இல் வந்தபோதே அதன் அடிப்படை பரிணாமம்: எலி, மனிதன் என்று பல உயிரிகளில் அதே சொல் அதே இடத்தில் அழியாமல் காக்கப்பட்டிருந்தால் அதற்கு வேலை இருக்கிறது என்று பொருள். மனிதப் புரத மரபணுக்களில் 60 சதவீதத்துக்கும் மேல் இப்படிக் காக்கப்பட்ட தளங்களை (மைக்ரோஆர்என்ஏ ஒட்டும் இடங்களை) கொண்டவை என்று 2009இல் கணக்கிட்டதும் அதே குழுதான். 2015இன் ஏழாம் பதிப்பில் 14 அம்சங்களைச் சேர்த்து ஒரு தளம் எவ்வளவு அடக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். மிராண்டாவும் 2003இல், பழ ஈயில் தொடங்கியது. அது முழு நீளத்துக்கும் இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொருத்திப் பார்க்கும். என் நான்கில் இல்லாத, 2007இல் வந்த பிட்டா கேட்பது வேறு: எம்ஆர்என்ஏ தன்மேல் தானே மடிந்து கிடக்கிறதே, அந்தத் தளத்தைத் திறக்க எவ்வளவு ஆற்றல் செலவு, பிணைந்தால் எவ்வளவு வரவு? மிர்டிபி உண்மையான பரிசோதனைத் தரவில் பயிற்சி பெற்ற இயந்திரக் கற்றல் மாதிரி. மைக்ரோடியின் சிடிஎஸ் பதிப்பு யூடிஆரோடு நிற்காமல் புரதம் எழுதும் பகுதியையும் பார்க்கும். அங்கே இருக்கும் தளம் யூடிஆரை மட்டும் பார்க்கும் டூலில் எப்படி வரும்?

ஆக டூல்கள் எல்லாம் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவர் ‘இது பழங்காலத்திலிருந்து இருக்கிறதா’ என்றும், ஒருவர் ‘இது நன்றாக ஒட்டுமா’ என்றும், ஒருவர் ‘இது திறந்திருக்கிறதா’ என்றும், ஒருவர் ‘நான் முன்பு பார்த்த டார்கெட்களைப் போல் இருக்கிறதா’ என்றும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கிட்டே போய்ப் பார்த்த ஒரு தளம் நினைவிருக்கிறது. 3பி-யின் சொல் ஏ-சி-யு-ஏ-சி-யு-ஜி அல்லவா, அந்த மரபணுவில் இருந்தது ஏ-சி-யு-ஏ-யு-யு-ஜி. நடுவில் சி இருக்க வேண்டிய இடத்தில் யு. ஆர்என்ஏவில் ஜி-யும் யு-வும் தளர்வாகக் கைகோத்துக்கொள்ளும் என்பதால் மிராண்டா இதை மன்னித்துவிட்டது, மைக்ரோஆர்என்ஏவின் வால்பக்கப் பொருத்தம் வேறு அருமையாக இருந்ததால் நல்ல மதிப்பெண்ணும் கொடுத்தது. சீட் முழுதும் சரியாக இருக்க வேண்டும் என்று கேட்கும் டார்கெட்ஸ்கேன் அதைத் திரும்பியே பார்க்கவில்லை. மிராண்டாவிலேயே ‘ஸ்ட்ரிக்ட்’ என்றொரு விருப்பம் உண்டு. அதைப் போட்டு ஓட்டியதும் இந்தத் தளம் மறைந்துவிட்டது. இரண்டு டூல்களுக்கு இடையே பெரிய தத்துவ முரண்பாடு என்று நான் நினைத்தது ஒரு சின்ன அமைப்பில் அடங்கிப்போனது. எட்டு மாதத்தில் எனக்கு மிகவும் உதவிய பத்து நிமிடம் அதுதான்.

யூடிஆர் கதை தனி. எல்லா டூலும் ஒரே யூடிஆரை எடுத்துக்கொள்வதில்லை. ஒரு டூல் ரெஃப்சீக்கிலிருந்து எடுக்கும், இன்னொன்று என்செம்பிளின் ஏதோவொரு பதிப்பிலிருந்து. ஒரு மரபணுவுக்கே பல நீளங்களில் யூடிஆர் உண்டு. வேகமாகப் பெருகும் செல்கள் குட்டையான யூடிஆர்களை விரும்புகின்றன என்று 2008இல் டி-செல்களில் காட்டினார்கள். எங்கள் செல்லும் அப்படிப்பட்டதுதான். நான்கு டூலும் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்த ஒரு மரபணுவை ஆசை ஆசையாக எடுத்தேன். தளம் யூடிஆரின் கடைசிப் பக்கம் இருந்தது. மிமிக் (அந்த மைக்ரோஆர்என்ஏவின் செயற்கை நகல்) கொடுத்தும் எம்ஆர்என்ஏ அசையவில்லை. மூன்று முறை செய்து பார்த்துவிட்டு, கடைசியில் எங்கள் ஆர்என்ஏ-சீக் தரவைத் திறந்து அந்த மரபணுவின்மேல் ரீடுகள் (சீக்வென்சர் படித்த துண்டுகள்) எங்கே விழுந்திருக்கின்றன என்று பார்த்தேன். யூடிஆரின் முதல் மூன்றில் ஒரு பங்கோடு ரீடுகள் நின்றுவிட்டன. அதற்குப் பிறகு வெறும் தரிசு. தளம் இருக்கும் பகுதியே எங்கள் செல்லின் எம்ஆர்என்ஏவில் இல்லை. எந்த டூலும் தவறாகச் சொல்லவில்லை, எங்கள் செல்லைப் பற்றி அவற்றிடம் யாரும் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் எந்த மரபணுவாக இருந்தாலும் முதலில் ஜீனோம் பிரவுசரில் அதன்மேல் எங்கள் ரீடுகளைப் போட்டுப் பார்த்துவிடுகிறேன். இரண்டு நிமிட வேலை.

‘பொதுவாக வருவதை எடு’ என்ற அறிவுரை ஏன் எனக்குச் சரிப்படவில்லை என்றும் சொல்ல வேண்டும். நான்கு டூல் ஒத்துக்கொண்டால் நான்கு சாட்சி என்று தோன்றும். ஆனால் நான்கும் சீட்டைப் பார்க்கின்றன, பெரும்பாலானவை ஏதோ ஒரு வடிவில் பரிணாமப் பாதுகாப்பையும் பார்க்கின்றன. ஒருவரிடம் கேட்ட செய்தியை நான்கு பேர் திருப்பிச் சொன்னால் அது நான்கு சாட்சியாகாது. அது போக, எல்லா வட்டமும் சேரும் பகுதியை எடுக்கும்போது இருப்பதிலேயே கெடுபிடியான டூல் எதைக் கழிக்கிறதோ அது எல்லாவற்றிலுமிருந்து கழிந்துவிடும். மனிதக் குரங்கினத்தில் மட்டும் இருக்கும் தளமோ, புரதப் பகுதியில் இருக்கும் தளமோ அங்கே பிழைக்காது. மாறாக, நான்கையும் மொத்தமாகச் சேர்த்த பட்டியலை எடுத்தால் மரபணுத் தொகுதியில் பாதி வந்துவிடும். இரண்டும் எனக்கு வேண்டாம் என்று ஆனது.

நான் கடைசியில் செய்தது இது. ஒரு டூலை, எனக்கு டார்கெட்ஸ்கேன், வரிசைப்படுத்த மட்டும் வைத்துக்கொண்டேன், பாதுகாக்கப்படாத தளங்களையும் சேர்த்து. மற்றவற்றை ஓட்டுப் போடக் கூப்பிடவில்லை. ஒரு மரபணுவில் அவை மாறுபட்டால் ‘ஏன் மாறுபடுகின்றன’ என்று கேட்கப் பயன்படுத்தினேன். எங்கள் செல்லில் வெளிப்படாதவற்றை முதலிலேயே நீக்கினேன். அப்புறம் நாங்களே மிமிக் கொடுத்து ஆர்என்ஏ-சீக் எடுத்தோம். செலவுதான், ஆனால் எட்டு மாதம் வட்டம் வரைந்த செலவை யார் கணக்குப் பார்த்தார்கள்? எட்டெழுத்துத் தளம் உள்ளவை, இரண்டு வகை ஏழெழுத்துத் தளம் உள்ளவை, ஆறெழுத்து மட்டும் உள்ளவை, எதுவும் இல்லாதவை என்று மரபணுக்களைப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்தின் மாற்றத்தையும் கூட்டுப் பரவல் கோடாகப் போட்டேன். எட்டெழுத்துக் கோடு தெளிவாக இடப்பக்கம், அதாவது இறக்கத்தின் பக்கம், தள்ளி நின்றது, ஏழு அதற்குப் பின்னால், ஆறு கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டு. இதே அச்சில் ஒவ்வொரு டூலின் முதல் 200 மரபணுக்களையும் போட்டுப் பார்த்தால் எங்கள் செல்லுக்கு எது எவ்வளவு உதவுகிறது என்பது கண்ணுக்கே தெரிகிறது. ஒப்பீட்டுக்கு, சீட்டின் எழுத்துகளைக் கலைத்துப் போட்ட பொய் மைக்ரோஆர்என்ஏ ஒன்றையும் ஓட்டினேன். அதன் கோடு நகரக் கூடாது, நகரவில்லை.

மிமிக் அளவில் ஓர் எச்சரிக்கை. முதல் தடவை தாராளமாகக் கொட்டினேன். அவ்வளவு மிமிக் உள்ளே போனால் அது மைக்ரோஆர்என்ஏக்களைச் சுமந்து வேலை செய்யும் ஆர்கோனாட் புரதங்களையெல்லாம் பிடித்துக்கொள்ளும், செல்லின் சொந்த மைக்ரோஆர்என்ஏக்களுக்கு இடம் கிடைக்காது, அவற்றின் டார்கெட்கள் ஏறிவிடும். சம்பந்தமே இல்லாத மரபணுக்கள் ஏன் ஏறுகின்றன என்று ஒரு வாரம் குழம்பினேன். தடுப்பான் கொடுத்து எதிர்த்திசையிலும் பார்த்தால்தான் நம்பிக்கை வரும்.

லூசிஃபெரேஸில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு தளம் புரதத்தைப் பாதியாக்கிவிடும் என்று நினைத்தேன். எங்களுக்குக் கிடைத்தது கால் பங்குக்கும் சற்றுக் குறைவான இறக்கம். தோல்வி என்று நினைத்துத் தூக்கிப் போடவிருந்தேன். 2008இல் இரண்டு குழுக்கள் ஆயிரக்கணக்கான புரதங்களை ஒரே நேரத்தில் அளந்து, தனித்தனித் தளங்களின் விளைவு பெரும்பாலும் மிதமானதுதான் என்று காட்டியிருந்தார்கள். அதைப் படித்த பிறகு தளத்தில் மூன்று எழுத்தை மாற்றிய வடிவத்தையும் செய்தேன். இறக்கம் மறைந்தது. அந்த மரபணு நான்கு டூலில் ஒன்றே ஒன்றின் பட்டியலில் இருந்தது.

‘நிரூபிக்கப்பட்டவை’ என்று சொல்லும் மிர்டார்பேஸ், டார்பேஸ் தரவுத்தளங்கள் பக்கம் போனால் நிம்மதி கிடைக்கும் என்று ஒரு காலத்தில் நினைத்தேன். அங்கேயும் ஆதாரம் என்ற பத்தியைப் படிக்காமல் எதையும் எடுக்கக் கூடாது. ரிப்போர்ட்டர் பரிசோதனை, வெஸ்டர்ன் ப்ளாட் ஒரு பக்கம். க்ளிப் (ஒரு புரதம் ஆர்என்ஏவில் எங்கே ஒட்டியிருக்கிறது என்று காட்டும் முறை) தரவில் மட்டும் வந்தவை இன்னொரு பக்கம். ஆர்கோனாட் அங்கே உட்கார்ந்தது என்பதற்கு அது சாட்சி, அடக்கியது என்பதற்கு அல்ல. எத்தனை ரிப்போர்ட்டர் பரிசோதனைகளில் தளத்தை மாற்றிய வடிவத்தையும் சேர்த்துச் செய்திருக்கிறார்கள் என்று ஒருமுறை எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன்.

கணிப்புப் பட்டியலை அப்படியே பாதைப் பகுப்பாய்வில் (மரபணுக்கள் எந்தச் செயல்பாட்டில் குவிகின்றன என்று பார்ப்பதில்) போடுவதையும் நிறுத்திவிட்டேன். யூடிஆர் நீளமான மரபணுக்கள் எந்த மைக்ரோஆர்என்ஏவைக் கேட்டாலும் பட்டியலில் வந்து உட்காரும், நரம்பு மண்டல மரபணுக்கள் அப்படிப்பட்டவை. என் முதல் பட்டியலும் ‘ஆக்சான் வழிகாட்டல்’ என்றுதான் சொன்னது. எங்களுடையது நரம்புச் செல் இல்லை.

ஆய்வுக் கட்டுரை அனுப்பியபோது ஒரு மதிப்பாய்வாளர் ‘ஏன் இன்னும் மூன்று டூல்களைப் பயன்படுத்தவில்லை’ என்று கேட்டார். டூலின் பதிப்பு, தேடிய தேதி, யூடிஆர் மூலம், வரம்பு, மைக்ரோஆர்என்ஏவின் முழு வரிசை எல்லாவற்றையும் ஓர் அட்டவணையாகப் போட்டு, கூட்டுப் பரவல் கோடுகளையும் இணைத்து அனுப்பினோம். அவர் சொன்ன மூன்றில் ஒன்றின் கணிப்புகள் 2010க்குப் பிறகு புதுப்பிக்கப்படவில்லை என்பதையும் பணிவாகக் குறிப்பிட்டோம். மறு கேள்வி வரவில்லை. வென் படத்தைக் கட்டுரையில் சேர்க்கவில்லை.

ஒரு மரபணு மட்டும் இன்னும் கணக்கில் நிற்கிறது. மிமிக் கொடுத்த ஒவ்வொரு முறையும் அது இறங்குகிறது, தடுப்பான் கொடுத்தால் ஏறுகிறது. எந்த டூலிலும் அதற்குத் தளம் இல்லை. யூடிஆரை லூசிஃபெரேஸோடு இணைத்தேன், அசைவில்லை. புரதப் பகுதியையும் இணைத்தேன், அதிலும் இல்லை. அதை இயக்கும் படியெடுப்புக் காரணி ஒன்றில் அழகான எட்டெழுத்துத் தளம் இருக்கிறது. அநேகமாக வழி அதுதான். அந்தக் காரணியைத் தனியாக அடக்கிப் பார்க்க வேண்டிய சிறு ஆர்என்ஏ போன வாரம்தான் வந்து சேர்ந்தது, குழாய் இன்னும் மைனஸ் 20 பெட்டியில் திறக்காமல் இருக்கிறது.